பெயர் காட்டாத எண், போகாத அழைப்பு: பழைய ஸ்மார்ட்போன்களில் எண் கோளாறுகளைச் சரிசெய்யும் முறை

இந்த அத்தியாயத்தில் பழைய ஸ்மார்ட்போன் என்பது, தயாரித்த நிறுவனம் மென்பொருள் புதுப்பித்தலை நிறுத்திவிட்ட பின்னும் அன்றாடப் பேச்சுக்குப் பயன்பட்டுக்கொண்டிருக்கும் கைபேசியைக் குறிக்கும். அண்ணனிடமிருந்து தம்பிக்கும், மகனிடமிருந்து தாய்க்கும் கைமாறி வந்தவையும், சென்னையின் பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ இரண்டாம் கையாக வாங்கியவையும் இந்த வகையில் அடங்கும். இத்தகைய கருவியில் அழைப்பவரின் பெயர் தெரியாமல் போவதும், டயல் செய்த எண் கிடைக்காமல் போவதும் நேரும்போது 'போன் வயசாயிடுச்சு' என்று முடிவுகட்டிக் கடைக்குக் கொண்டுபோவதே பொதுவழக்கம். ஆயினும் இக்கோளாறுகளில் பெரும்பகுதி கருவியில் இல்லை. எண் எந்த வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. ஆகவே, முதலில் எண்ணைத் திருத்துவது, அடுத்து சிம்மையும் நெட்வொர்க்கையும் பார்ப்பது, பிறகு அமைப்புகளைச் சோதிப்பது, எல்லாவற்றுக்கும் கடைசியில் கருவியைப் பிரிப்பது என்ற வரிசையை இவ்வத்தியாயம் பின்பற்றுகிறது.

இவ்வத்தியாயம் வடசென்னையின் விம்கோ நகரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. அதற்குக் காரணம் உண்டு. தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய இப்பகுதி, புறநகர் ரயில் நிலையத்தோடு 2021 பிப்ரவரி முதல் மெட்ரோ ரயிலும் வந்து சேரும் இடம். திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகளிலும் துறைமுகங்களிலும் ஷிப்டு பார்ப்பவர்கள், மீனவர்கள், வெளிமாநிலத் தொழிலாளர்கள், கப்பலில் வேலைபார்ப்போரின் குடும்பத்தார் ஆகியோர் அக்கம்பக்கமாக வாழும் பகுதி. இவர்களின் கைபேசியில் எக்ஸ்டென்ஷன் உள்ள அலுவலக எண்களும், நான்கு இலக்க உதவி எண்களும், வெளிநாட்டு எண்களும் கலந்திருக்கும் என்பதால், எண்வடிவச் சிக்கல்கள் அனைத்தையும் ஒரே தொடர்புப் பட்டியலில் காண முடிகிறது. 2023 டிசம்பர் 26 இரவில் எண்ணூர் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மீனவக் குப்பங்களின் மக்கள் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது போன்ற வேளைகளில், உதவி எண் முதல் முயற்சியிலேயே கிடைக்க வேண்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1. எண்ணின் அமைப்பு

இந்தியாவின் நாட்டுக் குறியீடு 91. அதற்குப் பின் வரும் எண் பத்து இலக்கம் கொண்டது. கைபேசி எண்ணானால் அந்தப் பத்தும் 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்கும். சென்னைத் தரைவழி எண்ணானால் 44 என்ற நகரக் குறியீடும் எட்டு இலக்க எண்ணும் சேர்ந்து பத்தாகும். வழக்கில் எஸ்.டி.டி. கோடு என்று சொல்லப்படும் 044 என்பதன் முதல் பூஜ்யம் எண்ணின் உறுப்பு அன்று. அது உள்நாட்டு அழைப்பை வேறு இணைப்பகத்துக்கு அனுப்பச் சொல்லும் முன்னொட்டு மட்டுமே. + என்ற குறி, அந்தந்த நாட்டில் பன்னாட்டு அழைப்புக்கு உரிய முன்னொட்டுக்குப் பதிலாக நிற்பது. இந்தியாவில் அது 00, அமெரிக்காவில் 011. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இ.164 என்னும் பரிந்துரை, நாட்டுக் குறியீடு உட்பட ஓர் எண் பதினைந்து இலக்கங்களைத் தாண்டக்கூடாது என்று வரையறுத்துள்ளது. இவ்வடிவில் + குறியோடு சேமிக்கப்பட்ட எண் எந்த நாட்டிலிருந்தும் மாற்றமின்றி டயலாகும்.

மின்வாரியத்தின் மின்னகம் புகார் எண்ணான 94987 94987, சென்னைக் குடிநீர் வாரியத்தின் 4567 4567 ஆகிய இரண்டையும் வைத்துச் சரியான வடிவங்களைப் பின்வருமாறு வகுக்கலாம்.

- கைபேசியில் சேமிக்க: +91 94987 94987, +91 44 4567 4567.
- தரைவழித் தொலைபேசியிலிருந்து கைபேசி எண்ணுக்கு: 0 94987 94987. தரைவழியிலிருந்து கைபேசிக்குப் பேச முன்னால் பூஜ்யம் கட்டாயம் என்ற விதி 2021 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது.
- கைபேசியிலிருந்து சென்னைத் தரைவழி எண்ணுக்கு: 044 4567 4567. வெறும் எட்டு இலக்கத்தை மட்டும் அடித்தால் அழைப்பு போகாது.
- அடிக்கடி காணப்படும் பிழைகள்: +91 044 4567 4567 (நாட்டுக் குறியீட்டுக்குப் பின் பூஜ்யம்), 91 94987 94987 (+ விடுபட்டது), +0 94987 94987.

மூன்று, நான்கு இலக்கக் குறுஎண்கள் இவ்விதிக்கு விலக்கு. மாநகராட்சியின் 1913, கடலோரக் காவல்படையின் தேடல்-மீட்பு எண்ணான 1554, அவசர உதவிக்குரிய 112, ஆம்புலன்ஸுக்குரிய 108 ஆகியவை அப்படியே சேமிக்கப்பட வேண்டும். +91 சேர்த்தால் அவை இணையா. தொடர்புகளை ஒட்டுமொத்தமாகத் திருத்தும் செயலிகள் எல்லா எண்ணுக்கும் கண்ணை மூடிக்கொண்டு +91 சேர்த்துவிடுவதால், அவற்றைப் பயன்படுத்திய பின் குறுஎண்களையும் 1800-இல் தொடங்கும் கட்டணமில்லா எண்களையும் தனியே சரிபார்ப்பது நல்லது.

2. அழைப்பவரின் பெயர் தெரியாமை

அழைப்பு வரும்போது பொதுவாக நெட்வொர்க் எண்ணை மட்டுமே அனுப்புகிறது. பெயரைத் தொடர்புப் பட்டியலில் தேடிப் பொருத்துவது கைபேசியின் வேலை. ஒரே தரைவழி எண் ஒரு நெட்வொர்க்கிலிருந்து +9144 என்றும், மற்றொன்றிலிருந்து 044 என்றும் தொடங்கி வரக்கூடும் என்பதால், பழைய ஆண்ட்ராய்டு கருவிகள் முழு எண்ணையும் ஒப்பிடாமல் கடைசியிலிருந்து பின்னோக்கி ஒப்பிட்டுச் செல்லும். குறைந்தது ஏழு இலக்கங்கள் ஒத்து, எஞ்சியது முன்னொட்டாகத் தோன்றினால் ஒரே எண் என்று கொள்ளும். இதனால் இரு வகைத் தவறுகள் நேர்கின்றன.

முதலாவது, +91 044 போன்ற பிழையான முன்னொட்டோடு சேமித்த எண் பொருந்தாமல் போய், தெரிந்தவரே அழைத்தாலும் வெறும் எண்ணாகத் தோன்றுவது. இரண்டாவது இதற்கு நேர்மாறானது. சென்னைத் தரைவழி எண்கள் 2000-களின் முற்பகுதியில் முன்னால் 2 சேர்க்கப்பட்டு ஏழு இலக்கத்திலிருந்து எட்டாயின. அதற்கு முன் சேமித்து, சிம்மிலிருந்து கைபேசிக்கும் பழைய கைபேசியிலிருந்து அடுத்ததற்கும் நகலெடுத்துக்கொண்டே வந்த ஏழு இலக்க எண், அழைப்பு வரும்போது கடைசி ஏழும் ஒத்திருப்பதால் பெயரைச் சரியாகக் காட்டும். திருப்பி அழைத்தால் மட்டும் போகாது. உள்ளே வருவது வருகிறது, வெளியே போவது போகவில்லை என்ற புகார் ஒரே ஓர் எண்ணைப் பற்றியதாக இருந்தால், சேமித்த எண்ணின் இலக்கங்களை எண்ணிப் பார்ப்பதே முதல் சோதனை.

எண் சரியாக இருந்தும் பெயர் தோன்றாவிட்டால் பின்வருவனவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. ஒரே எண் சிம், கைபேசி, கூகுள் கணக்கு ஆகிய மூன்றிலும் வெவ்வேறு பெயர்களில் இருக்கிறதா என்று தேட வேண்டும். சில பழைய கருவிகள் இரு பெயர்கள் பொருந்தும்போது எதையும் காட்டாமல் எண்ணை மட்டும் காட்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்க வேண்டும்.
2. தொடர்புகள் செயலியில் எந்தக் கணக்கின் தொடர்புகள் காட்டப்பட வேண்டும் என்ற தேர்வு 'எல்லாம்' என்று இருக்க வேண்டும்.
3. 2015-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6-உம் அதற்குப் பிந்தியவையும், ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி அனுமதி கேட்பவை. 'போன்' செயலிக்குத் தொடர்புகளைப் பார்க்கும் அனுமதி தவறுதலாக மறுக்கப்பட்டிருந்தால் பெயர்கள் மொத்தமாக மறைந்துவிடும்.
4. இவற்றுக்குப் பிறகும் தீராவிட்டால், 'போன்' செயலியின் கேஷ், அதாவது விரைவுக்காக அது ஒதுக்கி வைத்திருக்கும் தற்காலிகத் தரவு, அழிக்கப்பட வேண்டும். 'தொடர்புகள் சேமிப்பகம்' என்ற அமைப்புச் செயலியின் முழுத் தரவையும் அழிப்பது வேறு செயல். அது கைபேசியில் உள்ள எண்கள் அனைத்தையும் துடைத்துவிடும் என்பதால், காப்புநகல் எடுக்காமல் அதைத் தொடவே கூடாது.

3. எண் வேறு நாட்டு எண்போல் தோன்றுதல்

வெளிநாட்டிலிருந்து வந்த கைபேசிகளில் வட்டார அமைப்பு பழைய நாட்டிலேயே நின்றுவிடுவது உண்டு. கைபேசி தன் வட்டாரத்தின் வழக்கப்படியே எண்ணைப் பிரித்துக் காட்டும். இந்திய வட்டாரத்தில் ஐந்து ஐந்தாகப் பிரிந்து 94987 94987 என்று தோன்றும் மின்னக எண், அமெரிக்க வட்டாரத்தில் (949) 879-4987 என்று தோன்றும்; 949 என்பது கலிபோர்னியாவின் ஒரு பகுதிக்குரிய குறியீடு என்பதால், சில கருவிகள் அதன் கீழே அம்மாநிலத்தின் பெயரையும் காட்டும். வெளிநாட்டு மோசடி அழைப்பு என்று அஞ்சி இத்தகைய எண்களைத் தடைசெய்துவிடுவோரும் உண்டு. அமைப்புகளில் மொழியை மாற்றாமலே வட்டாரத்தை மட்டும் இந்தியா என்று மாற்றி, கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் இது தீரும். அமெரிக்க நிறுவனங்களுக்கென்று விற்கப்பட்ட சில கருவிகளின் அழைப்பு அமைப்புகளில் 'டயல் உதவி' என்ற வசதியும் இருக்கும். அது எண்ணின் முன் நாட்டுக் குறியீட்டைத் தானாகச் சேர்ப்பதால், அதை அணைத்துவிட வேண்டும்.

எண்ணின் முதல் இலக்கங்களைப் பார்த்து நிறுவனத்தையும் ஊரையும் ஊகிக்கும் பழைய செயலிகளையும் நம்ப இயலாது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியில் நாடெங்கும் வந்து, 2015 ஜூலை முதல் மாநிலம் கடந்தும் விரிந்துவிட்டதால், முன்னிலக்கத்துக்கும் நிறுவனத்துக்கும் இருந்த உறவு அறுந்துவிட்டது.

4. தமிழ்ப் பெயர்களும் சிம்மின் கொள்ளளவும்

கைபேசியில் முழுமையாகத் தெரியும் தமிழ்ப் பெயர், சிம்முக்கு நகலெடுத்தவுடன் வெட்டுப்பட்டுத் தோன்றுவதற்குக் காரணம் சிம்மின் இடக்குறைவு. சிம்மில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சிறு கட்டம் ஒதுக்கப்பட்டிருக்கும். அதில் எண்ணுக்கு இருபது இலக்கம் வரை இடம் உண்டு, பெயருக்கோ பல சிம்களில் பதினான்கு பைட் அளவே உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் எழுதினால் முதல் பைட் குறியாக்கத்தை அறிவிக்கச் செலவாகி, எஞ்சிய பதின்மூன்றில் ஓர் அலகுக்கு இரண்டு பைட் வீதம் ஆறு அலகுகளே அடங்கும். கணினிக் குறியாக்கத்தில் உயிர்மெய்யின் குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனி அலகுகள். முருகன் என்ற பெயர் ஏழு அலகு கொண்டது. ஏழாவதான புள்ளி விழுந்துவிட, அது 'முருகன' என்று நிற்கும். பதினான்கு அலகு கொண்ட திருவொற்றியூர் என்பது 'திருவொ' என்ற அளவில் முடிந்துவிடும். 'திருவொற்றியூர் கேஸ்', 'திருவொற்றியூர் டாக்டர்' என்று சேமித்த இரண்டும் சிம்மில் ஒரே பெயராகிவிடுவதன் காரணம் இதுவே. தமிழில் பெயர் வைப்போர் எண்களைக் கைபேசியிலோ கூகுள் கணக்கிலோ வைப்பதே தக்கது. சிம்மில்தான் வைக்க வேண்டுமென்றால் வேறுபடுத்தும் சொல்லை முன்னால் இட வேண்டும்.

தமிழுக்குப் பதிலாகக் கட்டங்கள் தோன்றினால் அக்கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பது பொருள், ஆண்ட்ராய்டு 2.3 காலத்துக் கருவிகளில் இது இயல்பு. சமக்குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த நீண்ட வரிசை தோன்றினால், வி-கார்டு எனப்படும் தொடர்புக் கோப்பு பழைய பதிப்பில் ஏற்றுமதியாகி, புதிய கருவியால் சரியாகப் பிரித்துப் படிக்கப்படவில்லை என்பது பொருள். அக்கோப்பைக் கணினியில் கூகுள் தொடர்புகள் பக்கத்தில் ஏற்றி, பெயர்கள் ஒழுங்காகத் தெரிகின்றனவா என்று பார்த்து, அங்கிருந்து கைபேசிக்கு இறக்குவது பல நேரங்களில் பலன் தருகிறது.

5. அழைப்பு போகாமை

ஓர் எண்ணுக்கு மட்டும் அழைப்பு போகவில்லையானால் குறை அந்த எண்ணில். எல்லா எண்களுக்கும் போகவில்லையானால் குறை சிம்மிலோ நெட்வொர்க்கிலோ அமைப்பிலோ. இரண்டாம் வகைக்குக் காரணங்கள் பல.

*குரல் அழைப்பின் வழி.* 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவைகள் கிடையா. அதன் குரல் அழைப்புகள் வோல்ட்டி என்னும் முறையில், 4ஜி தரவுப் பாதையின் வழியாகவே செல்பவை. 4ஜி இருந்தும் வோல்ட்டி இல்லாத பழைய கருவியில் அச்சிம்மைப் போட்டால் இணையம் வரும், டயல் செய்தால் அழைப்பு போகாது. முதலில் சிம் அமைப்பில் வோல்ட்டி பொத்தான் இருக்கிறதா, இருந்தால் அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏர்டெல் 2020-இல் தன் 3ஜி சேவையை நிறுத்திவிட்டதால், நெட்வொர்க் தேர்வை '3ஜி மட்டும்' என்று வைத்திருக்கும் கருவியில் அச்சிம் வேலை செய்யாது; தேர்வைத் தானியங்கிக்கு மாற்ற வேண்டும்.

*அழைப்பாளர் அடையாளம்.* அழைப்பு அமைப்புகளில் தன் எண்ணை மறைக்கும் வசதி உண்டு. இந்தியாவில் சாதாரணச் சந்தாதாரர்களுக்கு இவ்வசதி வழங்கப்படுவதில்லை என்பதால், அது 'மறை' என்று இருந்தால் அழைப்பு ஒலிக்கும் முன்பே துண்டிக்கப்படலாம். 'நெட்வொர்க் இயல்பு' என்பதே சரியான தேர்வு.

*நிலை எண் டயல்.* நிறுவனம் கொடுத்த சிம்களில், குறிப்பிட்ட சில எண்களுக்கு மட்டும் பேச அனுமதிக்கும் எஃப்.டி.என். என்ற பூட்டு போடப்பட்டிருக்கலாம். வேறு எந்த எண்ணை அடித்தாலும் மறுப்புச் செய்தி வரும். இதைத் திறக்க இரண்டாம் பின் எண் வேண்டும். ஊகித்து மூன்று முறை தவறாக அடித்தால் அது பூட்டிக்கொள்ளும் என்பதால், சிம் வழங்கியவரிடம் கேட்டுப் பெறுவதே முறை.

*எக்ஸ்டென்ஷன்.* தொழிற்சாலை அலுவலகத்தின் பொது எண்ணுக்குப் பின் உள் எண்ணையும் சேர்த்துச் சேமிக்க விரும்பினால், இரண்டுக்கும் இடையில் காற்புள்ளி இட வேண்டும். ஒரு காற்புள்ளி சில நொடி இடைநிறுத்தம் தரும், அரைப்புள்ளி பயனர் உறுதி செய்யும்வரை காத்திருக்கும். இடைவெளியின்றிச் சேர்த்தெழுதிய எண்ணில் உள் எண் மிகை இலக்கமாகக் கருதப்பட்டு விடுபட்டுவிடும். 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்ற குரலுக்கு விசையழுத்தம் ஏற்கப்படாவிட்டால், டயல் ஒலி தொடர்பான அமைப்பு இருக்கும் கருவிகளில் அதை 'நீளம்' என்று மாற்றிப் பார்க்கலாம்.

*அழைப்பு திருப்புதல்.* அழைப்புகள் கைபேசிக்கு வராமல் வேறெங்கோ போகின்றன என்ற ஐயம் எழுந்தால் *#21# என்று அடித்து நிலையை அறியலாம். ##002# என்பது எல்லாத் திருப்புதல்களையும் நீக்கும் பொதுக் குறியீடு. மோசடிக்காரர்கள் *401* என்று தொடங்கும் எண்ணை அடிக்கச் செய்து பிறருடைய அழைப்புகளைத் தம்பால் திருப்பிக்கொண்டதால், 2024 ஏப்ரல் 15 முதல் இத்தகைய குறியீடுகள் வழியே திருப்பும் சேவையை நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. குறியீடு வேலை செய்யாவிட்டால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அணுக வேண்டும்.

*தடைசெய்யப்பட்ட கருவி.* எந்தச் சிம்மைப் போட்டாலும் நெட்வொர்க் பிடிக்காத இரண்டாம் கைக் கருவி, தொலைந்ததாகவோ திருடப்பட்டதாகவோ புகாராகி முடக்கப்பட்டதாக இருக்கலாம். *#06# அடித்தால் தோன்றும் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு எழுதி 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் அதன் நிலை தெரியவரும். பணம் கொடுத்த பின் செய்வதைவிட, கொடுக்கும் முன் கடையிலேயே இதைச் செய்வது புத்திசாலித்தனம்.

6. தொடுதிரையும் உணரியும்

மேற்கண்டவை எல்லாம் சரியாக இருந்தும் சில இலக்கங்கள் மட்டும் விழாவிட்டாலோ ஒருமுறை தொட்டால் இருமுறை விழுந்தாலோதான் கருவியின் உறுப்பை ஐயுற வேண்டும். 7, 8, 9 போன்று ஒரே வரிசையில் உள்ளவை சேர்ந்தாற்போல் வேலை செய்யாவிட்டால், திரையின் குறுக்கே ஒரு பட்டை செத்துவிட்டது என்று கொள்ளலாம். உருவாக்குநர் விருப்பங்களில் உள்ள தொடுபுள்ளி காட்டும் வசதியை இயக்கி, விரலைத் திரை முழுவதும் கோடுகோடாக இழுத்தால், கோடு அறுபடும் இடம் கண்ணுக்குத் தெரியும். சாம்சங் கருவிகள் பலவற்றில் *#0*# அடித்தும் இச்சோதனையைச் செய்யலாம். கோடு எங்கும் அறுபடாவிட்டால் 'காம்போ மாத்தணும்' என்ற ஆலோசனையை, அதாவது திரையையும் தொடுபலகையையும் சேர்த்து மாற்றும் செலவை, ஏற்க வேண்டியதில்லை. திரையில் ஒட்டிய கண்ணாடிக் காப்பைக் கழற்றி, ஈரமற்ற துணியால் துடைத்து மறுபடி சோதிப்பது எப்போதும் முதலில் வர வேண்டும். ஈரக் கையும் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் தொடுதிரையை ஏமாற்றுபவை என்பது மீன்பிடித் துறைமுகத்திலும் பட்டறையிலும் வேலை செய்வோருக்குத் தெரிந்ததே.

அழைப்பு இணைந்தவுடன் திரை கறுத்து, எண்ணை அழுத்த முடியாமல் போனால் காரணம் அருகுணரி. காதருகே கொண்டுபோகும்போது திரையை அணைக்கும் சிறு உறுப்பு அது. கேட்புத் துளையை ஒட்டி அமைந்திருப்பதால், நிலக்கரித் தூசும் உப்புக் காற்றின் ஈரமும் சேர்ந்து படியும்போது, காது அருகிலேயே இருப்பதாக அது கருதிக்கொள்ளும். மென்மையான உலர்ந்த தூரிகையால் அப்பகுதியைத் துடைப்பதும், உணரியை மூடாத காப்பை ஒட்டுவதும் போதும். ஊசியால் குத்துவது ஒலிபெருக்கியின் சவ்வைக் கிழித்துவிடும்.

7. சீரான பின் செய்ய வேண்டிய சோதனை

திருத்தம் முடிந்ததும் ஐந்து அழைப்புகளால் அதை உறுதிசெய்துகொள்ளலாம்: சேமித்த ஒரு கைபேசி எண்ணுக்கு, 044 உள்ள ஒரு தரைவழி எண்ணுக்கு, எக்ஸ்டென்ஷன் உள்ள ஓர் அலுவலக எண்ணுக்கு, குரல் பட்டியல் உள்ள ஒரு சேவை எண்ணுக்கு, கடைசியாக வேறொரு கைபேசியிலிருந்து இதற்கே ஓர் அழைப்பு. 112, 108 போன்ற அவசர எண்களைச் சோதனைக்காக அழைக்கக்கூடாது. அவை +91 இன்றிச் சேமிக்கப்பட்டுள்ளனவா என்று கண்ணால் பார்த்தால் போதும். ஐந்தும் தேறினால், தொடர்புகளை வி-கார்டு கோப்பாக ஏற்றுமதி செய்து கருவிக்கு வெளியே ஓரிடத்தில் வைக்க வேண்டும். திருத்திய எண்கள் அப்படியே அடுத்த கருவிக்கும் போய்ச்சேரும் என்பதால், கைபேசி மாறும்போது இவ்வேலையை மறுபடி தொடங்க வேண்டியிராது.